இணைய ஏலத்தில் பழைய நாணயம்: பணம் கட்டும் முன்பும் பார்சல் வந்த பின்பும் பார்க்க வேண்டியவை

“ஒருதரம், ரெண்டுதரம், மூணுதரம்” என்று கூவி விடும் ஏலத்தில் பொருளைக் கையில் எடுத்துப் புரட்டிப் பார்த்துவிட்டுக் கேட்கலாம். இணைய ஏலத்தில் கிடைப்பது இரண்டு படங்களும் நான்கு வரி விவரமும்தான். அதை நம்பிப் பத்தாயிரம், இருபதாயிரம் கட்டலாமா என்பது நாணயம் சேகரிக்கும் எல்லோருக்கும் வரும் சந்தேகம்.

கட்டலாம். ஆனால் ஏல நிறுவனத்தின் பெயரை மட்டும் நம்பிக் கட்டக் கூடாது. நல்ல பெயர் உள்ள நிறுவனத்திலும் போலி லாட் (ஏலத்தில் ஓர் எண்ணின் கீழ் விடப்படும் நாணயம் அல்லது நாணயத் தொகுதி) நுழையும். அதன் நிபுணரும் மனிதர்தான், ஒரே ஏலத்துக்கு நூற்றுக்கணக்கான நாணயங்களைப் பார்க்கிறார். உங்கள் பணத்துக்கு உண்மையான பாதுகாப்பு இரண்டு இடங்களில் இருக்கிறது. ஒன்று, நிபந்தனைகளில் எழுத்தில் உள்ள உத்தரவாதம். இரண்டு, திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் நீங்களே செய்து பார்க்கும் சோதனை. இரண்டும் இல்லாத இடத்தில் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

முதலில் ஒரு கூட்டத்தை ஒதுக்கிவிடுவோம். “வைஷ்ணவி தேவி படம் போட்ட 5 ரூபாய் இருந்தால் 10 லட்சம் தருகிறோம், பதிவுக் கட்டணம் அனுப்புங்கள்” என்று வருபவர்கள் ஏலக்காரர்களே அல்ல. பழைய நாணயம், நோட்டு வாங்கி விற்பதில் தனக்கு எந்தத் தொடர்பும் இல்லை, இதற்காகக் கமிஷனோ கட்டணமோ தான் கேட்பதில்லை என்று ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டில் எச்சரித்திருக்கிறது. விற்பவரிடம் முன்பணம் கேட்டால் அது மோசடிதான், மேற்கொண்டு விசாரிக்கவே தேவையில்லை.

நிறுவனத்தைப் பார்ப்பது

ஏலப் பக்கத்தின் அடியில் ஜிஎஸ்டி எண் இருக்க வேண்டும். அதை ஜிஎஸ்டி இணையதளத்தில் தேடிப் பாருங்கள், கணக்குத் தொடங்கத் தேவையில்லை. வரும் சட்டப்பூர்வப் பெயரும், பணம் கட்டச் சொல்லும் வங்கிக் கணக்கின் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். நிறுவனத்தின் பெயரில் ஏலம் நடத்திவிட்டுத் தனிநபரின் யுபிஐ எண்ணுக்கு அனுப்பச் சொன்னால் அங்கேயே நிறுத்துங்கள். பெரிய நிறுவனங்களின் பெயரில் ஓர் எழுத்தை மாற்றிப் போலித் தளம் நடத்துவதும் உண்டு. அதனால் வாட்ஸ்அப்பில் வந்த இணைப்பைத் தட்டி உள்ளே போகாமல் முகவரியை நீங்களே தட்டச்சு செய்யுங்கள்.

நியூமிஸ்பிட்ஸ், சிக்ஸ்பிட், பிடர் போன்ற தளங்கள் பல நிறுவனங்களின் ஏலங்களை ஓரிடத்தில் காட்டும் மேடைகள். நாணயத்துக்குப் பொறுப்பு அவற்றுடையது அல்ல. மேடை நல்ல மேடை என்பதால் அதில் கடை போட்டவர்கள் எல்லோரும் நல்லவர்கள் ஆகிவிட மாட்டார்கள். வெளிநாட்டு நிறுவனம் என்றால் அது ஐஏபிஎன் உறுப்பினரா என்று பாருங்கள். 1951-ல் ஜெனீவாவில் தொடங்கிய தொழில்முறை நாணய வணிகர்களின் சங்கம் அது. விற்கும் நாணயம் அசல்தான் என்று உறுதியளிப்பது உறுப்பினரின் கடமை.

இந்திய நிறுவனம் என்றால் இன்னொரு கேள்வியும் கேளுங்கள்: தொல்பொருள் விற்க உரிமம் இருக்கிறதா? 1972-ம் ஆண்டு தொல்பொருள், கலைச் செல்வங்கள் சட்டப்படி நூறு ஆண்டுக்கு மேற்பட்ட நாணயம் தொல்பொருள். அதை வாங்கி விற்கும் தொழிலுக்கு உரிமம் வேண்டும். இந்தக் கேள்விக்கு நேரடியாகப் பதில் சொல்லாத இடத்தில் மற்ற பதில்களையும் நம்ப வேண்டாம்.

நிபந்தனைகளில் தேட வேண்டிய வரிகள்

யாரும் படிக்காத அந்த நீளமான பக்கத்தில்தான் எல்லாமே இருக்கிறது. கணக்குத் தொடங்கும்போதே முழுக்கப் படித்து, அன்றைய தேதியோடு பிடிஎஃப் ஆகச் சேமித்துக்கொள்ளுங்கள். பின்னால் மாற்றிவிட்டார்கள் என்றால் உங்களிடம் சாட்சி இருக்கும்.

முக்கியமாகத் தேட வேண்டியது அசல் என்ற உத்தரவாதம். சிலர் காலவரையின்றித் தருகிறார்கள், சிலர் ஏழு நாள், பதினைந்து நாள் என்கிறார்கள். “உள்ளது உள்ளபடி விற்கப்படுகிறது” என்று மட்டும் எழுதியிருந்தால் உத்தரவாதமே இல்லை என்று அர்த்தம். ஏழு நாள் கெடுவில் ஒரு சிக்கல் உண்டு. போலி என்று நிரூபிக்க பிசிஜிஎஸ், என்ஜிசி போன்ற தரச்சான்று நிறுவனத்தின் முடிவைக் கேட்பார்கள், அந்த முடிவு வர வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் ஆகும். அதனால் விலை உயர்ந்த லாட் என்றால் ஏலத்துக்கு முன்பே மின்னஞ்சல் எழுதுங்கள்: “வென்றால் சான்றுக்கு அனுப்புவேன், முடிவு வரும்வரை திருப்பும் உரிமையை நீட்டிப்பீர்களா?” தொலைபேசியில் ‘சரி சார்’ என்றால் போதாது, எழுத்தில் வாங்குங்கள்.

சான்றுப் பெட்டியில் (தரச்சான்று நிறுவனம் சோதித்து, தரமும் எண்ணும் எழுதி மூடித் தரும் பிளாஸ்டிக் பெட்டி) அடைத்த நாணயத்தையும், பல நாணயங்கள் சேர்ந்த மொத்த லாட்டையும் திரும்பப் பெறுவதில்லை என்ற வரி பல இடங்களில் இருக்கும். மொத்த லாட்டில் ஒரு நல்ல நாணயத்துக்காக ஆசைப்படுபவர்கள் இதில்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

அடுத்தது, விற்பவர் சார்பில் நிறுவனமே ஏலம் கேட்கலாம் என்ற வரி. குறைந்தபட்ச விலைவரை அப்படிக் கேட்பது பல நாடுகளில் வழக்கம். இந்தியாவில் 1930-ம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டத்தின் 64-ம் பிரிவு இதைத் தெளிவாகச் சொல்கிறது. விற்பவர் கேட்கும் உரிமையை முன்கூட்டியே அறிவித்திருக்க வேண்டும். அறிவிக்காமல் அவரோ அவருடைய ஆளோ கேட்பது சட்டவிரோதம். விலையை ஏற்றுவதற்காகப் போலியாகக் கேட்டிருந்தால் வாங்கியவர் அந்த விற்பனையையே ரத்து செய்துகொள்ளலாம்.

பிறகு செலவு. திரையில் தெரியும் தொகை நீங்கள் கட்டும் தொகை அல்ல. ஓர் எடுத்துக்காட்டு: 20,000 ரூபாய்க்கு முடிந்த லாட்டுக்கு வாங்குபவர் கமிஷன் 15 சதவீதம் என்றால் 3,000. அந்தக் கமிஷன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 540. காப்பீட்டோடு அனுப்பும் செலவு 250 என்று வைத்தால் மொத்தம் 23,790. நாணயத்தின் விலைக்கும் சேர்த்து வரி போடுகிறார்களா என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும், கேட்டுக்கொள்ளுங்கள். உங்கள் உச்ச விலையை இந்த மொத்தத்திலிருந்து பின்னோக்கிக் கணக்கிட வேண்டும்.

லாட்டைப் பார்ப்பது

நேரத்தை அதிகம் செலவிட வேண்டிய இடம் இதுதான். விவரத்தில் எடை, விட்டம், உலோகம் மூன்றும் இருக்க வேண்டும். இல்லையென்றால் கேளுங்கள், கூடவே விளிம்பின் படத்தையும் கேளுங்கள். உலோகத்தை உருக்கி அச்சில் ஊற்றிச் செய்த வார்ப்புப் போலிகள் தங்களைக் காட்டிக்கொடுப்பது விளிம்பில்தான். இரண்டு அச்சுப் பாதிகள் சேர்ந்த கோடு ஓடும், அதை அரம் போட்டு மறைத்திருந்தால் விளிம்பின் பற்கள் ஓரிடத்தில் மழுங்கியிருக்கும். மேற்பரப்பில் குண்டூசி முனை அளவுக் குழிகள் தெரியும். உண்மையான தேய்மானம் மேடான இடங்களைத்தான் முதலில் தின்னும், அதாவது கன்னம், காதுக்கு மேல் முடி, கிரீடத்தின் விளிம்பு. எழுத்து, முடி, வெற்றிடம் எல்லாம் ஒரே அளவில் மழுங்கியிருந்தால் அது வார்ப்பாக இருக்க வாய்ப்பு அதிகம்.

அடுத்து, அதே வகை நாணயத்தின் பழைய ஏலப் படங்களைத் தேடுங்கள். ஏசிசர்ச், காயின்ஆர்க்கைவ்ஸ் இரண்டிலும் உலக ஏலங்களின் பதிவுகள் உள்ளன. இந்திய, இஸ்லாமிய நாணயங்களுக்கு ஜீனோ தரவுத்தளம் பெரிய கொடை, இலவசமும்கூட. குறைந்தது ஐந்து படங்களை அருகருகே வைத்துப் பாருங்கள். தேடுவது இரண்டு விஷயங்களை. எழுத்தின் வடிவம் ஒத்துப்போகிறதா என்பது ஒன்று. மற்றொன்று முக்கியம்: ஒரே கீறல், ஒரே பள்ளம், ஒரே இடத்தில் இரண்டு வெவ்வேறு நாணயங்களில் இருக்கிறதா? கையோடு கை மாறி வரும் காயம் நாணயத்துக்கு நாணயம் வேறுபடும். ஒரே காயம் இரண்டில் இருந்தால் இரண்டும் ஒரே அச்சிலிருந்து வார்த்தவை.

பிரிட்டிஷ் இந்திய ரூபாயில் அதிகம் ஏமாறும் இரண்டு ஆண்டுகளைப் பார்ப்போம். 1911-ம் ஆண்டு ஐந்தாம் ஜார்ஜ் ரூபாய், ‘பன்றி ரூபாய்’ என்று பெயர் பெற்றது. அரசரின் அங்கியில் உள்ள யானை குட்டைத் தும்பிக்கையும் குட்டைக் கால்களுமாகப் பன்றிபோலத் தெரிந்ததால் எதிர்ப்பு எழுந்தது. பெரும்பகுதியை உருக்கிவிட்டு 1912-ல் யானையைத் திருத்தி வெளியிட்டார்கள். ஆகவே ஆண்டை மட்டும் பார்க்காதீர்கள். 1911 என்று போட்டு, நீண்ட தும்பிக்கையோடு திருத்திய யானை இருந்தால் ஆண்டைத் தொட்டிருக்கிறார்கள்.

1939-ம் ஆண்டு ஆறாம் ஜார்ஜ் ரூபாய் இன்னும் ஆபத்தானது. அரிதானது, விலை உயர்ந்தது. 1938-ம் ஆண்டு ரூபாயோ எளிதாகக் கிடைக்கும், அதே 917 தர வெள்ளி (ஆயிரத்தில் 917 பங்கு வெள்ளி), அதே 11.66 கிராம். அதன் 8-ன் இடது கீழ் வளைவைச் சுரண்டினால் 9 ஆகிவிடும். அந்த எண்ணைச் சுற்றிய வெற்றிடத்தை அருகிலிருந்து எடுத்த படமாகக் கேளுங்கள். சுரண்டிய இடத்தில் பழைய கருமை போய்ப் பளபளப்பாக இருக்கும், அல்லது அதை மறைக்கப் பூசிய கருமை திட்டாக நிற்கும். 9-ன் வால் அசலைப்போல இயல்பாக வளையாது.

கிழக்கிந்தியக் கம்பெனி 1818 என்று போட்டு அனுமன், ராமர் பட்டாபிஷேகம் அச்சிட்ட செப்பு ‘அரை அணா’க்களைக் கம்பெனி வெளியிடவே இல்லை. அவை நாணயம்போலப் பிற்காலத்தில் செய்த கற்பனை வில்லைகள். இவற்றை அசல் நாணயம் என்று பட்டியலிடும் ஏலத்தின் மற்ற லாட்டுகளையும் பார்க்க வேண்டாம்.

சங்க காலப் பாண்டியர் சதுரச் செப்புக் காசு, சேரர் காசு போன்றவற்றில் வேறு விதமான தொல்லை. அரித்துப்போன அசல் காசிலேயே மீனையும் வில்லையும் புதிதாகச் செதுக்கிவிடுகிறார்கள். உலோகம் பழசு, எடை சரி, உருவம் மட்டும் புதுசு. செதுக்கிய கோட்டின் இரு கரையும் கூர்மையாக இருக்கும், கோட்டின் அடியில் களிம்பு இருக்காது. செயற்கைப் பச்சைக் களிம்பு பூசியிருந்தால் அசிட்டோன் தொட்ட பஞ்சில் நிறம் ஒட்டும், மண்ணுக்குள் உருவான களிம்பு ஒட்டாது. ‘பணம்’ எனப்படும் சின்னத் தங்கக் காசுகளைப் படத்தை வைத்து முடிவு செய்யவே முடியாது. அரை கிராமுக்கும் குறைந்த காசில் அத்தனை நுணுக்கம் படத்தில் தெரியாது. காலவரையற்ற உத்தரவாதம் தருபவரிடம் மட்டும் அவற்றை வாங்குங்கள்.

சான்றுப் பெட்டியில் இருந்தால் கவலையில்லை என்று நினைக்க வேண்டாம், பெட்டியிலேயே போலி உண்டு. பெட்டியின் எண்ணைச் சான்று நிறுவனத்தின் தளத்தில் போட்டால் விவரமும், பல நேரம் படமும் வரும். எண் சரியாக இருந்தால் மட்டும் போதாது, ஏனென்றால் அசல் பெட்டியின் எண்ணையே நகலெடுக்கிறார்கள். படத்தில் உள்ள கீறலும் கறையும் லாட்டில் உள்ளதோடு பொருந்த வேண்டும். ‘டீடெயில்ஸ்’ என்ற சொல் இருந்தால் நாணயம் அசல்தான், ஆனால் கழுவியது, சுரண்டியது அல்லது வேறு சேதம் உடையது. அதன் விலை நல்ல நாணயத்தின் விலையைவிட வெகு கீழே நிற்கும்.

ஏலம் கேட்பது

உச்ச விலையை முன்கூட்டிக் கொடுத்தால், அடுத்தவர் கேட்டதைவிட ஒரு படி மேலே மட்டும் உங்களுக்காகக் கேட்க வேண்டும். இது நேர்மையாக நடக்கிறதா என்று கண்டுபிடிக்க ஒரு நோட்டு போதும். லாட் எண், நீங்கள் கொடுத்த உச்சம், முடிந்த விலை மூன்றையும் எழுதி வாருங்கள். பத்து லாட் வென்றதில் ஒன்றிரண்டு உச்சத்திலேயே முடிவது இயல்பு. எட்டு, ஒன்பது அப்படி முடிந்தால் உங்கள் உச்சத்தை யாரோ பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே இனி உச்சம் கொடுத்து வைக்காதீர்கள், நேரலையில் மட்டும் கேளுங்கள். கடைசி நொடியில் கேட்டால் நேரம் தானாக நீளுமா என்பதையும் முன்பே தெரிந்துகொள்ளுங்கள். நீளாத தளத்தில் இணையம் ஒரு நொடி தடுமாறினால் லாட் போய்விடும்.

‘விற்றது’ என்று காட்டிய லாட் அடுத்த ஏலத்திலும் வந்தால் கீறலை ஒப்பிடுங்கள். ஒரு முறை என்றால் வென்றவர் பணம் கட்டாமல் போயிருக்கலாம். அடிக்கடி நடந்தால், காட்டிய விலை உண்மையில் யாரும் கொடுக்காத விலை. அந்த நிறுவனத்தின் பழைய விலைகளை வைத்து உங்கள் உச்சத்தை நிர்ணயிக்காதீர்கள்.

முதல் முறை வாங்கும் நிறுவனத்தில் இரண்டாயிரம் ரூபாய்க்குள் ஒரு சாதாரண நாணயத்தை மட்டும் வாங்குங்கள். பொதிந்த விதம், ரசீதின் ஒழுங்கு, வந்து சேர்ந்த நாள், கேள்விக்கு வந்த பதில் ஆகிய நான்கும் அந்த ஒரே பார்சலில் தெரிந்துவிடும்.

பார்சல் வந்த பின்

பிரிக்கும் முன் கைபேசியில் பதிவைத் தொடங்குங்கள். முகவரிச் சீட்டு, ஒட்டுநாடா, உறை, நாணயத்தின் இரு பக்கம் என்று வெட்டில்லாமல் ஒரே ஓட்டமாக எடுக்க வேண்டும். ‘அனுப்பியது இது இல்லை’ என்ற தகராறில் இதுதான் கைகொடுக்கும். கழுவுவது, துடைப்பது, புளி போட்டுத் தேய்ப்பது எதுவும் கூடாது. தொட்ட நாணயத்தைத் திரும்ப வாங்க மாட்டார்கள். அது அசலாகவே இருந்தாலும் மதிப்பு பாதியாகிவிடும்.

பெட்டியில் அடைக்காத வெள்ளி நாணயத்துக்கு அடர்த்திச் சோதனை செய்யுங்கள். 0.01 கிராம்வரை காட்டும் சின்ன நகைத் தராசு, பிளாஸ்டிக் டம்ளர், தையல் நூல் போதும். முதலில் நாணயத்தை எடை போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். டம்ளரில் முக்கால் பங்கு தண்ணீர் ஊற்றித் தராசில் வைத்துப் பூஜ்ஜியம் ஆக்குங்கள். தராசின் கொள்ளளவு 200 கிராம் என்றால் டம்ளரும் தண்ணீரும் அதைத் தாண்டக் கூடாது. நாணயத்தை நூலில் கட்டி, முழுக்க மூழ்கும்படி, அடியிலும் பக்கத்திலும் படாமல் தொங்கவிடுங்கள். இப்போது தராசு காட்டுவது நாணயம் விலக்கிய தண்ணீரின் எடை. முதல் எடையை இதால் வகுத்தால் அடர்த்தி.

11.60 கிராம் ரூபாய் 1.12 காட்டினால் 10.36 வரும், அது 917 தர வெள்ளி. 1.22 காட்டினால் 9.5, அது 1940-ல் வந்த 500 தர வெள்ளிக்குரிய அளவு. 1.30 என்றால் 8.9, செம்பு-நிக்கல்தான். நாணயத்தின் மேல் காற்றுக் குமிழி ஒட்டியிருந்தால் அடர்த்தி குறைவாகக் காட்டி அசலையே போலி ஆக்கிவிடும். குமிழியை ஈர்க்குச்சியால் தட்டிவிட்டு மூன்று முறை செய்து சராசரி எடுங்கள். தங்கப் பணம் போன்ற சின்னக் காசுகளுக்கு இந்தத் தராசு போதாது. 0.01 கிராம் பிழையே விடையைத் தலைகீழாக்கிவிடும்.

இந்தச் சோதனையில் தேறினால் உலோகம் சரி, அவ்வளவுதான். ஆண்டைச் சுரண்டிய 1938 ரூபாயும் இதில் தேறும், நல்ல வெள்ளியில் செய்த போலியும் தேறும். அதனால் 10 மடங்கு உருப்பெருக்கியில் ஆண்டையும் விளிம்பையும் பார்த்த பிறகே கோப்பில் வையுங்கள்.

தகராறு வந்தால்

கெடுவுக்குள் மின்னஞ்சலில் எழுதுங்கள்: லாட் எண், எடை, அடர்த்தி, விளிம்புப் படம், ஒப்பிட்ட அசலின் படம். ‘போலி கொடுத்து ஏமாற்றிவிட்டீர்கள்’ என்று தொடங்காதீர்கள். இந்த அளவுகள் அசலோடு பொருந்தவில்லை, உத்தரவாத நிபந்தனைப்படி திருப்புகிறேன் என்றால் போதும். நல்ல நிறுவனம் அடுத்த கேள்வி கேட்காமல் பணத்தைத் தரும். தராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அங்கும் தீராவிட்டால், 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்ட ஆணையத்திலேயே இரண்டு ஆண்டுக்குள் வழக்குப் போடலாம். நிறுவனம் மும்பையில் இருக்கிறதே என்று மலைக்க வேண்டாம். கொடுத்த தொகை 5 லட்சம்வரை என்றால் கட்டணமும் இல்லை. பணம் கட்டிய பின் தளமே காணாமல் போனால் அது நுகர்வோர் வழக்கு அல்ல, சைபர் குற்றம். உடனே 1930-ஐ அழையுங்கள். முதல் சில மணி நேரத்தில் சொன்னால் பணத்தை வழியிலேயே முடக்க வாய்ப்பு அதிகம்.

வெளிநாட்டில் இருக்கும் தமிழர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நூறு ஆண்டுக்கு மேற்பட்ட நாணயத்தை இந்தியாவிலிருந்து அனுப்ப எந்தத் தனியார் நிறுவனத்துக்கும் அனுமதி கிடையாது. மீறினால் ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டுவரை சிறை. ‘வில்லை என்று எழுதி அனுப்பிவிடுகிறோம்’ என்று சொல்லும் நிறுவனத்தை எந்த விஷயத்திலும் நம்பாதீர்கள். ‘நேற்று ஆற்றில் கிடைத்தது’, ‘வீட்டு அஸ்திவாரத்தில் வந்தது’ என்ற லாட்டும் அப்படியே. 1878-ம் ஆண்டு புதையல் சட்டப்படி பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலை மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவித்தே ஆக வேண்டும்.

வாங்கியதை முடிவாக வைத்துக்கொள்வதென்றால், பிவிசி கலந்த மெல்லிய உறையிலிருந்து உடனே எடுத்துவிடுங்கள். நம் ஊர் வெக்கையில் அது கசிந்து வெள்ளியின் மேல் பச்சைப் பிசுக்காகப் படியும். பிவிசி இல்லாத மைலார் உறையில் போட்டு, ரசீது, லாட் பக்கத்தின் அச்சுப்படி, உங்கள் எடைக் குறிப்பு மூன்றையும் அதே எண்ணில் கோப்பில் வையுங்கள். நாளை அதே நாணயத்தை ஏலத்துக்குக் கொடுக்கும்போது, எங்கே வாங்கியது என்று அடுத்தவர் கேட்கும் கேள்விக்கு அந்த மூன்று தாள்தான் பதில்.